கலங்கல் நீரும் கேமராவும்

(கொடுங்கையூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'தொலைக்காட்சியில் நன்னீர் மீன்கள்' என்று போட்டிருக்கிறார்கள். அதைப் படித்த நண்பர் ஒருவர், "கொடுங்கையூரில் நின்றுகொண்டு நன்னீரைப் பற்றியா? தைரியசாலிதான் நீ" என்றார். குப்பைக் கிடங்கு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், கால்வாய்: வெளியூர்க்காரர்களுக்குக் கொடுங்கையூர் என்றால் இந்த மூன்றுதான். ஆனால் இந்தத் தலைப்பை இந்த ஊருக்கென்றேதான் எடுத்தேன். காரணத்துக்கு வருவதற்குள் கொஞ்சம் சுற்றிவர வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். இங்கே இளைஞர்களிடம் "டிவியில் ஆற்று மீன் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டால் உடனே 'ரிவர் மான்ஸ்டர்ஸ்' என்பார்கள். அனிமல் பிளானட்டில் 2009-ல் தொடங்கி 2017 வரை ஓடிய தொடர். நடத்தியவர் ஜெரமி வேட் என்ற இங்கிலாந்துக்காரர். பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவர். நரைத்த தலை, ஒடிசலான உடம்பு, கையில் தூண்டில். எங்கோ ஓர் ஆற்றில் குளிக்கப் போன ஆள் காணாமல் போயிருப்பார். ஊர் பயந்துகிடக்கும். நம்மாள் போய் இறங்குவார். சாட்சிகளைக் கேட்பார், சந்தேகப்படும் மீன்களை ஒவ்வொன்றாகக் கழிப்பார், கடைசியில் ஆள் உயரத்துக்கு ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு நிற்பார். துப்பறியும் கதை. ராஜேஷ்குமார் நாவல் படித்து வளர்ந்த நமக்கு இது பிடிக்காமல் போனால்தான் ஆச்சரியம்.

முதல் பருவத்திலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டார். நமக்கும் நேபாளத்துக்கும் எல்லையாக ஓடும் காளி நதி. அங்கே 1998-லிருந்து சில ஆண்டுகள் குளிப்பவர்களை ஏதோ ஒன்று உள்ளே இழுத்துப் போகிறது என்று பேச்சு. கூஞ்ச் எனப்படும் ராட்சதக் கெளுத்திதான் அது என்பது வேட் எடுத்துக்கொண்ட வழக்கு. கரையில் எரிக்கப்படும் சடலங்களின் பாதி வெந்த பகுதிகள் ஆற்றில் விழுந்து, மீனுக்கு மனித மாமிச ருசி பழகிவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். படமும் அந்த வழியில் போனது. 70 கிலோவைத் தாண்டிய ஒரு கூஞ்சை அவர் பிடித்தும் காட்டினார். ஆளைத் தின்றது அந்த மீன்தான் என்று யாரும் நிரூபிக்கவில்லை. இருந்தாலும் படம் பார்த்த யாரும் அதற்கப்புறம் அந்த ஆற்றில் காலை நனைத்திருக்க மாட்டார்கள்.

அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. உள்ளூர் மீனவரிடம் போய் உட்கார்ந்து, "உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்" என்று முதலில் கேட்கிற பழக்கம் அவரிடம் இருந்தது. பிடித்த மீனைப் பெரும்பாலும் திரும்ப நீரில் விட்டார். நான் சொல்ல வருவது வேறு. அடுத்த முறை இந்தத் தொடரைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மீனைப் பற்றிய படம். ஆனால் மீனை எங்கே பார்க்கிறோம்? காற்றில். அவர் மடியில். படகின் தரையில். அது வாழ்கிற இடத்தில், அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது பார்ப்பது அபூர்வம். காளி நதியில் அவர் நீருக்குள் இறங்கிக் கூஞ்ச் கிடக்கும் இடத்தைப் பார்க்கிறார், உண்மைதான். அது மலையாறு, ஓரளவு தெளிவு உண்டு. அமேசானின் பழுப்பு நீரிலும் காங்கோவின் கறுப்பு நீரிலும் அந்த வசதி கிடையாது. அங்கெல்லாம் மீன் என்பது தூண்டில் கயிற்றின் அந்தப் பக்கம் இருக்கும் ஒரு இழுப்பு மட்டுமே.

நன்னீர் மீனைப் படமெடுப்பதன் அடிப்படைச் சங்கடம் இது. கேமராவுக்குத் தெளிந்த நீர் வேண்டும். மண்ணும் பாசியும் கலந்த நீரில் விளக்கைப் போட்டால் ஒவ்வொரு துகளும் வெளிச்சத்தைத் திருப்பி கேமராவின் முகத்திலேயே அடிக்கும். மார்கழிப் பனிமூட்டத்தில் எண்ணூர் விரைவுச் சாலையில் ஹை பீம் போட்டு ஓட்டிப் பார்த்த கண்டெய்னர் லாரி ஓட்டுநர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விளக்கைக் கூட்டக் கூட்ட எதிரில் வெள்ளைச் சுவர்தான் கெட்டியாகும்.

நீரின் தெளிவை அளக்க ஓர் எளிய கருவி உண்டு. 1865-ல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானியலாளர், வகுத்த முறை. ஒரு வட்டத் தகட்டைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்க வேண்டும். கண்ணுக்கு எந்த ஆழத்தில் மறைகிறதோ அதுதான் கணக்கு. சைபீரியாவின் பைக்கால் ஏரியில் சில காலங்களில் 40 மீட்டர் வரை தகடு தெரியும். நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கெண்டைக் குளம் ஒன்றில் இறக்கினால்? 30 முதல் 40 சென்டிமீட்டருக்குள் மறைய வேண்டும் என்றுதான் மீன் வளர்ப்பவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தகடு அதற்குமேலும் தெரிந்தால் அவர் கவலைப்படுவார். நீரில் சத்து இல்லை, மிதவை உயிர்கள் இல்லை என்று பொருள். சாணத்தைக் கரைத்து ஊற்றுவார், யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் போடுவார், நீர் பச்சை கட்டினால்தான் நிம்மதியாகத் தூங்குவார்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எந்த நீரில் மீன் கொழுக்கிறதோ அந்த நீர் கேமராவுக்கு ஆகாது. அதனால் என்ன ஆகிறதென்றால், நன்னீர் மீன் படங்களின் உலக வரைபடமே தெளிந்த நீரின் வரைபடமாகிவிட்டது. கென்யாவின் சாவோ பகுதியில் இம்சிமா என்று ஓர் ஊற்று இருக்கிறது. எரிமலைக் கற்களின் ஊடாக வடிந்து வருவதால் கண்ணாடி மாதிரி நீர். 1960-களின் கடைசியில் ஆலன் ரூட், ஜோன் ரூட் தம்பதி அங்கே இறங்கி நீர்யானையையும் அதைச் சுற்றி மேயும் மீன்களையும் நீருக்கடியிலிருந்து எடுத்தார்கள். பின்னொரு நாள் அதே ஊற்றில் ஒரு நீர்யானை ஆலன் ரூட்டின் காலைக் கடித்துக் குதறியது. 2001-ல் மார்க் டீபிள், விக்டோரியா ஸ்டோன் என்ற இன்னொரு தம்பதி அதே ஊற்றுக்குப் போய் இன்னொரு படம் எடுத்தார்கள். ஆப்பிரிக்காவில் எத்தனை ஆயிரம் நீர்நிலைகள்! ஆனால் கேமராக்கள் அந்த ஒரு குட்டைக்கே போகின்றன. பிபிசி 2006-ல் 'பிளானட் எர்த்' எடுத்தபோது நன்னீருக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியது. பைக்கால் வந்தது, மலாவி ஏரி வந்தது. மலாவியில் சிக்ளிட் குடும்பத்து மீன்கள் மட்டும் நூற்றுக்கணக்கான இனங்கள். நீல நிறத்திலும் மஞ்சள் நிறத்திலும் கடல் பவளத்திட்டு மீன்களோடு போட்டி போடும் அழகு. நீரும் தெளிவு. கேட்க வேண்டுமா?

கடலுக்கு 'புளூ பிளானட்' என்று 2001-லும் 2017-லும் முழுத் தொடர்களே எடுத்தார்கள். மீன் இனங்களில் ஏறத்தாழப் பாதி, 18,000-க்குக் குறையாமல், நன்னீரில்தான் இருக்கின்றன. பூமியின் மொத்த நீரில் ஆறு, ஏரி, குளம் எல்லாம் சேர்ந்தாலும் மிகச் சிறு துளிதான். அந்தத் துளிக்குள் பாதி மீன்கள். நன்னீர் மீன்கள், நண்டு, இறால், தட்டான்பூச்சி என்று 23,496 இனங்களைச் சோதித்து 2025 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. கால்வாசி இனங்கள் அழியும் அபாயத்தில் இருக்கின்றன என்றது. புலிக்கு ஏதாவது ஆனால் நாட்டுக்கே தெரியும். பார்த்துப் பார்த்துப் பழகிய முகம் அது. ஏரி மீனுக்கு முகமே கிடையாது. சந்தையில் செத்த முகம் மட்டும் உண்டு.

நம் நாட்டுப் படங்களும் விதிவிலக்கில்லை. சென்னைக்காரரான சேகர் தத்தாத்ரி 'சைலன்ட் வேலி' எடுத்தார். நரேஷ் பேடி கங்கை முதலையை எடுத்தார். உலகத் தரமான வேலைகள். முதுமலை யானைப் படம் 2023-ல் ஆஸ்கரே வாங்கிவிட்டது. இவற்றில் நன்னீர் மீனைத் தேடினால் எங்கே கிடைக்கும்? நீர்நாயின் வாயில் பாதி, மீன்கொத்தியின் அலகில் பாதி. நம் இயற்கைப் படங்களில் மீனுக்குக் கொடுத்திருக்கும் வேடம் சாப்பாடு. காவிரியின் திமில் மஹ்சீர், ஐம்பது கிலோவுக்கு மேல் வளரும் மீன், 2018-ல்தான் சரியான அறிவியல் பெயரோடு அடையாளம் காணப்பட்டது. அதே ஆண்டு மிகவும் அருகிவிட்ட இனம் என்ற பட்டியலிலும் ஏறியது. பெயர் வைத்த வருஷமே ஆபத்துப் பட்டியல்! அவ்வளவு பெரிய மீனுக்கே இந்தக் கதி என்றால் அயிரைக்கும் குரவைக்கும் யார் படமெடுக்கப் போகிறார்கள்?

சரி, கலங்கல் நீரில் படமெடுக்க முடியாது. படமெடுப்பவர்கள் அதற்கு என்ன செய்தார்கள்? தொட்டி கட்டினார்கள்.

இதைச் சொன்னால் பலருக்கு முகம் சுருங்கும். 'அப்போ எல்லாம் செட்டா?' என்பார்கள். 2011-ல் பிபிசியின் 'ஃபுரோசன் பிளானட்' தொடரில் பனிக்கரடிக் குட்டிகளின் காட்சி வந்தது. அது ஐரோப்பாவில் ஒரு விலங்குக் காட்சிசாலையில் எடுத்தது என்று பிறகு தெரிந்ததும் பத்திரிகைகள் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டன. மீன் விஷயத்தில் இந்தக் கூச்சல் எழுவதில்லை. யாரும் கேட்பதில்லை என்பதுதான் காரணம். ஓடையில் கூடு கட்டும் மீன், முட்டைக்கு விசிறும் மீன், மண்ணுக்குள் புதையும் மீன் என்று நெருக்கத்தில் பார்க்கும் காட்சிகளில் பெரும்பகுதி கண்ணாடித் தொட்டியில் எடுத்தவை. பின்னால் அதே ஓடையின் கல், அதே ஓடையின் செடி, மேலிருந்து ஒரு விளக்கு. நீருக்கடியில் நாம் கேட்கும் 'களக் புளக்' ஒலிகளும் பெரும்பாலும் ஸ்டூடியோவில் சேர்த்தவைதான். நிஜத்தில் மீன் பேசாமலும் இல்லை. கெளுத்தியைத் தூண்டிலில் எடுத்தவர்கள் கேட்டிருப்பீர்கள், முள்ளை உரசி 'கிர்ர் கிர்ர்' என்று கத்தும். அந்த நிஜக் குரலைப் படத்தில் போட்டால் பார்ப்பவர் டிவி ரிப்பேர் என்று நினைத்துக்கொள்வார்!

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். தொட்டியில் எடுப்பது ஏமாற்று என்று நான் கருதவில்லை. தொட்டியில் எடுத்ததைத் தொட்டியில் எடுத்தது என்று சொல்லாமல் விடுவதுதான் ஏமாற்று. மீனின் நடத்தையைப் பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பங்கு தொட்டியில் அறிந்ததே. நீக்கோ டின்பெர்கன் என்ற டச்சு விஞ்ஞானி, 1973-ல் நோபல் பரிசு பெற்றவர், லைடன் நகரில் முள்முதுகு மீன்களைத் தொட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனின் வயிறு சிவக்கும். இன்னொரு சிவந்த வயிற்றைக் கண்டால் பாய்ந்து சண்டைக்குப் போகும். ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே சிவப்பு நிறத் தபால் வண்டி போயிற்று. தொட்டியில் இருந்த ஆண்கள் எல்லாம் அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் போய் மோதின. மீனுக்குச் சண்டைக்காரன் என்பது ஒரு நிறம் என்பது அதிலிருந்து துலங்கியது. ஓடையில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் எத்தனை காலம் ஆனாலும் தபால் வண்டி வந்திருக்காது.

இப்போது கொடுங்கையூருக்கு வருகிறேன்.

இங்கிருந்து மூலக்கடை வழியாக மாதவரம் பக்கம் திரும்பினாலும் சரி, பெரம்பூர் தாண்டிக் கொளத்தூர் போனாலும் சரி, இந்தியாவின் பெரிய வண்ண மீன் தொழில் ஒன்றின் நடுவே நிற்பீர்கள். கொளத்தூர், புழல், மாதவரம், மணலி என்று சுற்றுவட்டாரம் முழுக்க மொட்டை மாடியிலும் கொல்லையிலும் சிமென்ட் தொட்டி. ஏஞ்சல், ஃபைட்டர், கௌரமி, மோலி, கப்பி, கோல்டு ஃபிஷ், கோய் கார்ப். இங்கே பொரித்த குஞ்சு பிளாஸ்டிக் பையில் ஆக்சிஜன் நிரப்பிக்கொண்டு நாடு முழுக்கப் போகிறது. இந்தத் தொழிலை அந்நியச் செலாவணியாகவும் சுயஉதவிக் குழுத் திட்டமாகவும் எழுதியவர்கள் நிறைய. இதை ஒரு பெரிய கண்காணிப்புக் கூடமாக யாராவது பார்த்திருக்கிறார்களா? ஆயிரக்கணக்கான ஆட்கள், அதில் பாதிக்குப் பாதி பெண்கள், விடியற்காலையிலிருந்து மீனை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த ஜோடி சேரும், எது சேராமல் கடிக்கும், எந்த ஏஞ்சல் தன் முட்டையைத் தானே தின்றுவிடும், ஃபைட்டர் ஆண் நுரைக்கூடு கட்ட ஆரம்பித்தால் எத்தனை நாளில் பெண்ணை விடலாம், பாதாம் மரத்துக் காய்ந்த இலை நீரில் எவ்வளவு ஊற வேண்டும்: இதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஒரு பிபிசி உதவி இயக்குநர் இரண்டு வருஷம் உட்கார்ந்து சேர்க்கும் விவரம் இங்கே ஒரு வீட்டு அக்காவிடம் இருக்கிறது.

இந்த மீனுக்கு எது சாப்பாடு? டியூபிஃபெக்ஸ் என்கிற சிவப்புப் புழு. பிராணவாயு குறைந்த சாக்கடைச் சேற்றில் தலையைப் புதைத்து வாலை ஆட்டிக்கொண்டு வாழ்வது. கழிவுநீர் ஓடும் வாய்க்கால்களில் இறங்கிச் சேற்றோடு அள்ளி, நீரில் அலசி அலசிப் பிரித்து, கப்புக் கணக்கில் விற்கிறார்கள். இடுப்பளவு சாக்கடையில் நிற்கிற அந்தத் தொழிலாளியின் உடம்பு படும் பாட்டை மறந்துவிட்டு இதைப் பேசக் கூடாது. அண்ணா நகர் வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டிக்குள் மினுங்குகிற ஏஞ்சல் மீனின் உடம்பில் நகரத்துச் சாக்கடையின் சத்து இருக்கிறது. ஒரு நல்ல ஆவணப்படத்துக்கு இந்த ஒரு சங்கிலியே போதும்: சாக்கடை, புழு, மீன், வரவேற்பறை.

தொட்டியும் ஆளும் இருக்கும் இடத்தில் எந்த மீனைப் படமெடுப்பது? வெளிநாட்டு ஏஞ்சலை எல்லாரும் எடுத்தாகிவிட்டது. என் ஓட்டு குரோமைட்டுகளுக்கு. ஆரஞ்சு குரோமைட், கிரீன் குரோமைட் என்று கடைகளில் சொல்கிறார்களே, அவை நம் மண்ணின் சிக்ளிட்டுகள். பெரிய பச்சை குரோமைட்டைக் கேரளத்தில் கரிமீன் என்று வாழையிலையில் சுற்றிப் பொரித்து விருந்து வைக்கிறார்கள். நன்னீரிலும் உப்பு கலந்த கழிமுகத்திலும் இரண்டும் வாழும். வடக்கே பழவேற்காட்டில் இரண்டும் உண்டு. சின்ன ஆரஞ்சு மீனில் அப்பா, அம்மா இருவரும் முட்டைக்குக் காவல் நிற்கும், விசிறும். பொரித்த குஞ்சுகள் பெற்றோரின் உடம்பில் ஊறும் வழுவழுப்பைக் கொத்திக் கொத்தித் தின்னும். அதாவது தாய்ப்பால் மாதிரி, அப்பாவும் கொடுக்கிறார். அதைவிடச் சுவாரசியம் இன்னொன்று. வைமன், வார்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1972-ல் எழுதினார்கள்: சின்ன ஆரஞ்சு மீன் பெரிய பச்சை மீனின் துடுப்பிலும் செதிலிலும் ஒட்டியிருக்கும் பூஞ்சையையும் ஒட்டுண்ணியையும் கொத்திச் சுத்தம் செய்கிறது, பெரியது அசையாமல் நின்று காட்டுகிறது. அதே சின்ன மீன், சந்தர்ப்பம் கிடைத்தால் பெரியதின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். வீட்டுக்கு வந்து சவரம் செய்துவிட்டுப் போகிறவரே பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போகிறார். மலாவிக்கு விமானம் ஏறிப் போய் எடுக்கிற எந்தக் காட்சிக்கு இது குறைச்சல்?

பழைய கதை ஒன்றும் நினைவுக்கு வருகிறது. 1791-ல் தரங்கம்பாடியில் டால்டோர்ஃப் என்ற டேனிஷ் ராணுவ அதிகாரி, குளத்தங்கரைப் பனைமரத்தின் பிளவில், நீர்மட்டத்துக்கு ஐந்தடி உயரத்தில், ஒரு மீன் ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு எழுதி அனுப்பினார். 1797-ல் அது அச்சானது. ஐரோப்பா இரண்டு நூற்றாண்டு அதைப் பற்றிச் சண்டை போட்டது. பனையேறிக் கெண்டை மரமேறுமா ஏறாதா? தரையில் செவுள் மூடியை ஊன்றி ஊன்றி நகர்வதை மழைக்காலத்தில் நம் ஊர்ப் பிள்ளைகளே பார்த்திருக்கிறார்கள். காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு உண்டு. மரத்துக்கு எப்படிப் போயிற்று என்பதற்குப் பறவை தூக்கிப்போட்டிருக்கும் என்பது முதல் பல சமாதானங்கள் உண்டு. ஒரு கேமராவும் பொறுமையும் இருந்தால் ஒரு மழைக்காலத்தில் நாலு நல்ல காட்சி கிடைக்கும்.

சரி, தொட்டியை விட்டு வெளியே வருவோம். கொடுங்கையூர்க் கால்வாயில் மீன் உண்டா? சிரிக்கிறீர்கள். பிரான்சில் அல்பி என்று ஒரு பழைய ஊர். நடுவே தார்ன் ஆறு. அங்கே விடப்பட்ட பெரிய கெளுத்தி மீன்கள், கரையில் நீர் குடிக்க வரும் புறாக்களைப் பாய்ந்து பிடித்துத் தின்னப் பழகிவிட்டன. 2012-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2016-ல் பிபிசியின் 'பிளானட் எர்த் 2' நகரங்கள் அத்தியாயத்தில் அந்தக் காட்சி வந்தது. மும்பைச் சிறுத்தைகளும் அதே அத்தியாயத்தில்தான் வந்தன. ஊருக்குள் ஓடும் ஆற்று மீனுக்கும் இடம் கொடுக்கலாம் என்று பிபிசியே ஒத்துக்கொண்டுவிட்டது. நம் கால்வாய் மட்டும் என்ன பாவம் செய்தது?

இங்கே இருக்கும் மீன்களில் முதலிடம் ஜிலேபிக்கு. ஆப்பிரிக்காவின் மீன், 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இதுவும் சிக்ளிட்தான், மலாவி அழகிகளின் சொந்தக்காரி. மலாவி மீன் குஞ்சை வாயில் சுமப்பதை எத்தனையோ படங்களில் உருகி உருகிக் காட்டியிருக்கிறார்கள். நம் ஜிலேபித் தாயும் முட்டையையும் குஞ்சையும் வாயில்தான் சுமக்கிறது. ஆண் கறுத்துப்போய், துடுப்போரம் சிவந்து, ஆழமில்லாத இடத்தில் தட்டு வடிவில் குழி பறித்துப் பெண்ணுக்காகக் காத்திருக்கும். கொசுப்புழு தின்பதற்காகக் கம்பூசியா என்ற சின்ன மீனை 1928-ல் இத்தாலியிலிருந்து கொண்டுவந்தார்கள். அதுவும் கப்பியும் நகரத்துக் கிணறுகளிலும் வாய்க்கால்களிலும் நிலைத்துவிட்டன. தொட்டிக் கண்ணாடி நக்குவதற்காக வாங்கி, வளர்ந்ததும் பயந்துபோய் ஏரியில் வீசப்பட்ட சக்கர் மீன் தென் அமெரிக்கா. அதன் கவசத் தோலில் வலை கிழிகிறது, மீனவர்கள் திட்டுகிறார்கள். அரசு தடை செய்தும் ஒழியாத ஆப்பிரிக்கக் கெளுத்தி வேறு. சந்தையில் ரூப்சந்த் என்றும், சில கடைகளில் வவ்வால் என்றும் தள்ளிவிடுகிறார்களே, அது பிரான்ஹாவின் பங்காளி. 1914-ல் அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பிரேசில் பயண நூலில் பிரான்ஹாவைப் பற்றி எழுதியதுதான் உலகம் முழுக்கப் பரவிய அந்தப் பயத்துக்கு மூலம். அவருக்குக் காட்டுவதற்காக மீன்களை அடைத்துப் பட்டினி போட்டு வைத்திருந்தார்கள் என்றும் சொல்வார்கள். அதன் உறவுக்காரரை நாம் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறோம்.

ஆகக் கொடுங்கையூரில் எடுக்கும் நேர்மையான மீன் படத்தில் நடிகர் பட்டியல் பல கண்டங்களிலிருந்து வரும். உள்ளூர் ஆட்களில் குரவை, தேளி, விரால் மாதிரி மேலே வந்து காற்றை விழுங்கத் தெரிந்தவைதான் கெட்ட நீரில் தாக்குப்பிடிக்கும். செவுளை மட்டுமே நம்பிய மீன்கள் முதலில் போயிருக்கும். எந்த மீன் இருக்கிறது, எது இல்லை என்பதே நீரின் மருத்துவ அறிக்கை. இதைக் காட்டும்போது இயற்கை அழகு, மனிதன் கேடு என்கிற பழைய பாட்டைப் பின்னணியில் போடாமல் இருந்தால் நல்லது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி எண்ணூர்க் கழிமுகம் வரை படர்ந்ததை எல்லா சேனல்களும் காட்டின. எண்ணெய் படிந்த கூழைக்கடாப் பறவைகள் வந்தன, கறுத்துப்போன படகுகள் வந்தன, மீனவர்களின் கோபம் வந்தது. நீருக்குள்ளே என்ன நடந்தது என்று ஒரு நிமிடக் காட்சிகூட வரவில்லை. எடுக்கவும் முடியாது, ஏன் என்பதைத்தான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறேன். ஆனால் புயலுக்கு முன்பே யாராவது பழகிய கண்ணோடு அங்கே என்னென்ன மீன் இருந்தது என்று படம் பிடித்து வைத்திருந்தால், பிறகு எது போயிற்று என்று கேட்கவாவது முடிந்திருக்கும்.

நன்னீர் என்ற சொல்லுக்கு நண்பர் சிரித்தாரே, அவருக்கு ஒரு தகவல். இந்த ஊர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் 2019-லிருந்து எதிர்ச்சவ்வூடு முறையில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்தம் செய்து மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் அனுப்பும் வசதி இருக்கிறது. சாக்கடையிலிருந்து தெளிந்த நீர் இங்கேதான் வடிகிறது. அதில் மீன் கிடையாது, தொழிற்சாலைக்கு மீன் வேண்டாம். மீன் இருக்கும் நீர் வெளியே கலங்கலாக ஓடுகிறது. ஒரே மதில்சுவரின் இருபக்கமும் இரண்டு நீர். ஒரு படத்தின் முதல் காட்சிக்கு இதைவிட என்ன வேண்டும்?

மாணவர்களுக்கு மட்டும் சில நடைமுறைகள். பெரிய கேமரா வேண்டாம், கையில் இருக்கும் போன் போதும். மூன்றடி நீளத் தொட்டி. பின்பக்கக் கண்ணாடிக்கு வெளியே கறுப்புத் துணி, நீல வண்ணக் காகிதம் வேண்டவே வேண்டாம். அடியில் கடையில் விற்கும் ஊதாக் கல்லைப் போடாதீர்கள். எந்த வாய்க்கால் மீனோ அந்த வாய்க்கால் மணலைக் கழுவிப் போடுங்கள். விளக்கு மேலிருந்து மட்டும். போனில் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், அறையையும் இருட்டாக்குங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் உங்கள் முகம்தான் பதிவாகும். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள். படத்தின் அடியில் 'தொட்டியில் எடுத்தது' என்று எழுதுங்கள். ஜிலேபி குழிகளைப் பார்க்கத் தொட்டி வேண்டாம். கோடை தொடங்கி ஏரி நீர் வற்றும்போது ரெட்டேரி, மாதவரம் பக்கம் கரையோரம் போய்ப் பாருங்கள், தட்டுத் தட்டாகத் தெரியும்.

மீன் வளர்ப்பவர்கள் வீட்டுக்குப் போவதாக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். முட்டையிட்ட தொட்டிப் பக்கம் வெளியாளை விடமாட்டார்கள். நிழல் ஆடினால் ஏஞ்சல் மிரண்டு முட்டையைத் தின்றுவிடும். ஓர் ஈட்டு முட்டை அவர்களுக்கு ஒரு மாத வாடகை. அதனால் முதல் சில வாரங்கள் போனைப் பையிலேயே வைத்துக்கொண்டு, நீர் மாற்ற, புழு அலச, கூடமாட வேலை செய்யுங்கள். அந்த அக்காவே ஒருநாள், "தம்பி, இன்னைக்கு ராத்திரி போடும், வேணும்னா வந்து எடுத்துக்கோ" என்று கூப்பிடுவார். அப்போது போங்கள்.

கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது என்று தலைவர் கைகாட்டுகிறார். கேளுங்கள்.